பன்னிரண்டாவது இனிப்பு

"பத்து," என்றான் முகாய்.

"மறுபடி எண்ணு."

"மூணு தடவை எண்ணியாச்சு பாஸ். இன்னொரு தடவை தொட்டா குப்பைக்கே கூச்சமாயிடும்."

கோமோரி லேபிள் அச்சகத்தின் பின்வாசல் கொட்டகையில், விரித்த செய்தித்தாளின் மேல் பத்து பிளாஸ்டிக் உறைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கொக்கு. காலையில் பனி கொட்டியதால் பிளாஸ்டிக் குப்பை வண்டி வரவில்லை. இச்சினோமியா ஊருக்கே தொல்லையாக இருந்த அந்தப் பனி, துப்பறிவாளர் இசோகாவா ரித்சுவுக்கு மட்டும் உதவி செய்திருந்தது.

குறிப்புப் புத்தகத்தைத் தேடி அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். ஒரு வாரமாகப் பிரிக்காமல் கிடக்கும் பழுப்பு உறை விரலில் தட்டுப்பட்டது. முகாயை அவளிடம் வேலைக்கு அனுப்பியிருக்கும் ஏஜென்சியின் கடிதம். அதை அடியில் தள்ளிவிட்டு, புத்தகத்தை எடுத்து 'பத்து' என்று குறித்தாள்.

மணி ஒன்று ஐந்து. ஐந்து மணிக்கு ஒரு பெண் தன் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திருடி என்ற பெயரோடு இந்தக் கட்டடத்தை விட்டுப் போகவேண்டும்.

முதலாளி கோமோரி காலையில் தொலைபேசியில் சொன்ன கதை சின்னதுதான். ஏப்ரல் முதல் அலுவலக வேலையையும் பேக்கிங்கையும் எப்படி நடத்துவது என்று அவர் முடிவு செய்யவேண்டியிருந்தது. இப்போது போலவே ஏஜென்சியிடம் ஆள் வாங்கலாம். அல்லது அந்தப் பிரிவையே ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். இரண்டு பேரின் விலைப்புள்ளிகளும், தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒட்டிக் கொடுத்த ஓர் உறையும் நீல ஃபைலில் இருந்தன. உறைக்குள் பெயர்ப் பட்டியல். வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்துப் போடும்போது பிரித்துப் படித்துக்கொள்ளலாம் என்று கோமோரி விட்டுவைத்திருந்தார்.

நேற்று, வியாழன் மூன்று மணி தேநீர் இடைவேளையில், ஃபைல் அலுவலக அறை இழுப்பறையில் இருந்தது. மூன்றரைக்கு இல்லை. அது இருந்த இடத்தில் கொக்குப் படம் போட்ட உறை ஒன்று கிடந்தது. கனாசாவா போய் வந்த கோமோரி அன்று வாங்கி வந்திருந்த இனிப்பின் உறை.

எதிராளியின் விலை யாருக்கு வேண்டும்? ஏஜென்சிக்கு. அலுவலக அறையில் ஏஜென்சி ஆள் யார்? ஒரே ஒருத்தி. எல்லாரும் சமையல் மூலையில் தேநீர் குடித்தபோது இழுப்பறைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது யார்? அவளேதான். கோமோரி ஏஜென்சிக்குப் போன் செய்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டார்கள். திங்கட்கிழமை வேறு ஆள் வரும் என்றார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் இந்த மாதக் கடைசியோடு அவளுக்கு அங்கே மூன்று வருஷம் முடிகிறது. மூன்று வருஷத்துக்கு மேல் ஏஜென்சி ஆளை அதே மேசையில் வைத்திருக்க முடியாது. அனுப்பவேண்டும், அல்லது நேரடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொள்வதாகக் கோமோரி படிவத்தில் முத்திரையும் வைத்திருந்தார். இன்னும் பதினாலே நாள்.

"இனிப்புப் பெட்டியில எத்தனை இருந்துச்சுன்னு சொன்னார்?" என்று கேட்டாள் இசோகாவா.

"பன்னெண்டு. நிரந்தர ஆளுங்க பதினொரு பேர். பெட்டி அந்தக் கணக்குலதான் வாங்கினது. ஒண்ணு மிச்சம். அந்த மிச்சம் பெட்டியிலயே சமையல் மூலையில இருந்துச்சாம். அப்புறம் பார்த்தா அதையும் காணோம்."

"ஏஜென்சி ஆளுங்களுக்கு?"

முகாய் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "பாஸ், நீங்க ஊருக்குப் போய்ட்டு வந்தா எனக்கு என்ன வரும்? காலிப் பெட்டி. பேனா போட்டு வச்சுக்கச் சொல்லுவீங்க. நானும் போட்டு வச்சிருக்கேன்."

இசோகாவா அந்தப் பேச்சைக் காதில் வாங்காதது போல் உறைகளைப் பார்த்தாள். குப்பைப் பையில் பத்து. இழுப்பறையில் ஒன்று. பதினொன்று. நிரந்தர ஆட்கள் தங்கள் பங்கைத் தின்றதற்கு அது சரியாகப் போயிற்று. பன்னிரண்டாவது இனிப்பு எங்கேயோ உறையோடு இருக்கிறது.

"அந்தம்மாவைப் பார்க்கலாம்," என்றாள்.

*

அலுவலக அறைக்குள் நுழையும்போதே யார் எந்த வகை என்று தெரிந்தது. நிரந்தர ஆட்களின் கழுத்தில் நீலப் பட்டை. ஏஜென்சி ஆட்களுக்குப் பச்சை. நீலப் பட்டைக்காரர்களின் நாற்காலி முதுகில் நிலநடுக்கத்துக்கான தலைக்கவசப் பை தொங்கியது. ஒவ்வொரு பையிலும் சின்னதாக அச்சடித்த பெயர்ச்சீட்டு. லேபிள் கம்பெனி என்பதால் சீட்டு மட்டும் அழகாக இருந்தது. மூலையில் இருந்த கடைசி நாற்காலியில் பை இல்லை.

அந்த நாற்காலிக்காரி இப்போது மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக மதியச் சாப்பாடும் அங்கேதான் என்று பின்னால் தெரியவந்தது. நாற்பது வயதிருக்கும். கழுத்துப் பட்டையைத் தானே கழற்றி, அழகாகச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அட்டையில் ஏஜென்சியின் பெயரும் 0417 என்ற எண்ணும் இருந்தன.

நேற்று பச்சைப் பட்டைக்காரர்கள் ஏழு பேரின் துணிப் பெட்டிகளையும் திறந்து சோதித்திருந்தார்கள். நீலப் பட்டைக்காரர்களின் பெட்டிகளை யாரும் தொடவில்லை. தன்னால் மற்ற ஆறு பேருக்கும் அவமானம் என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது. ஃபைலைப் பற்றிக் கேட்டதற்கு, எடுக்கவில்லை என்றாள். இனிப்பைப் பற்றிக் கேட்டதும் மேல்கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

இசோகாவா பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டாவது உங்ககிட்ட இருக்கு. பிரிக்காம இருக்கு. அதைக் காட்டினா, இழுப்பறையில கிடந்த உறை உங்களுது இல்லைன்னு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?"

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். முகாய் இரண்டு படி கீழே நின்று தொண்டையைச் செருமினான். தானும் பச்சைப் பட்டைதான் என்றான். துப்பறியும் அலுவலகத்தில் பட்டை கிடையாது, அதனால் வெளியே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றான். அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு மேல்கோட்டின் உள்பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

கொக்கு உறைக்குள் இனிப்பு முழுசாக இருந்தது. மெல்லிய அரிசி வில்லைக்குள் பயறு விழுது வைத்தது. ஓரம் கூட நொறுங்காமல் காப்பாற்றியிருந்தாள். உறையின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. நாற்காலிப் பைகளில் இருந்த அதே அச்சு, அதே அளவு. 'ஹமாஜிமா மிஹோ சான்.' அவள் பெயர், மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' விகுதியோடு.

"யார் வச்சாங்க?"

"தெரியாது. மூணரைக்குக் கொஞ்சம் முன்னாடி, ஃபேக்ஸ் எடுத்துட்டு வந்து பார்த்தா மேசை மேல இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒளிக்கிறீங்க?"

"நான் குடுத்தேன்னு யார் சொல்லுவா? காலையிலயே முதலாளி எல்லாரையும் கேட்டாரே, மிச்சம் இருந்ததை யார் எடுத்ததுன்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்ப நான்தான் போய் எடுத்துக்கிட்டேன்னு ஆயிடும்." கைக்குட்டையை மறுபடி மடித்தாள். "ஃபைலைத் திருடினேன்னு சொன்னா ஏஜென்சி வேற இடம் பார்த்துக் குடுக்கும். குடுக்காத தின்பண்டத்தை எடுத்துத் தின்னேன்னு சொன்னா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?"

முகாய் நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள் இசோகாவா.

"ஏஜென்சி-சான்."

"மூணு வருஷமாவா?"

"மரியாதையாத்தான் கூப்பிடுவாங்க," என்றாள் மிஹோ, அவர்களுக்காகப் பரிந்து பேசுவது போல.

இசோகாவா எழுந்தாள். இனிப்பை யாரிடமும் காட்டவேண்டாம், சீட்டைப் பற்றியும் பேசவேண்டாம், ஐந்து மணி வரை பட்டையைக் கழுத்திலேயே மாட்டியிருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே வந்ததும் முகாய் கிசுகிசுத்தான். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது, அச்சடித்த சீட்டு. அந்த இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் தொடலாம். அப்புறம் எதை வைத்துப் பிடிப்பது?

"பேரை வச்சு," என்றாள் இசோகாவா. "அந்தப் பேர் இந்தக் கட்டடத்துல வேற எங்க எழுதியிருக்கும்?"

முகாய் யோசித்தான். அட்டையில் எண். வருகைப் பதிவில் எண். அவன் முகம் மெல்ல மாறியது. "ஒட்டின உறைக்குள்ள."

*

கூட்ட அறையில் ஒரு மேசை, ஒரு பேனா. நிரந்தர ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இசோகாவா எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தாள். 'வியாழன் மூன்று மணிக்கு ........ இழுப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்' என்று அதில் இருந்தது. வழக்கமான வாக்குமூலம், கோடிட்ட இடத்தில் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னாள்.

முதலில் வந்த கணக்குப் பிரிவு ஆள் பேனாவை எடுத்தார். வைத்தார். "ஏஜென்சி-சான்னு எழுதினா போதும் இல்லையா?" என்று கேட்டார். முழுப்பெயர் வேண்டும் என்றாள் இசோகாவா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் பெயர் வரவில்லை.

அடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். மிஹோவுக்கு எதிர் மேசை. 'ஹமாதா' என்று எழுதி அடித்தாள். 'ஹமாசாக்கி' என்று எழுதி அதையும் அடித்தாள். பிறகு தாளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் தனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த அக்காதான் மருந்து வாங்கி வந்தாள் என்று, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாமவர் 0417 என்று எழுதினார். அது சரியாக இருந்ததில் அவருக்குச் சின்ன சந்தோஷம் கூட இருந்தது. வெளியே போகும்போதுதான் அது போய்விட்டது.

பத்து பேர். பத்துத் தாளிலும் பெயர் இல்லை. யாரைத் திருடி என்று சொன்னார்களோ அவள் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் எட்டிப் பார்த்த கோமோரியிடமும் இசோகாவா ஒரு தாளை நீட்டினாள். நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் படிவத்தில் முத்திரை வைத்தவர்தானே. அவர் நெற்றியைத் தேய்த்தார். முத்திரையை மட்டும்தான் வைத்தேன், எண்ணைப் பார்த்துத்தான் வைத்தேன் என்றார். அவர் காதுமடல் சிவந்துவிட்டது. கதவை மூடும்போது சத்தம் வராமல் மூடினார்.

"பாஸ், இந்த ரூம்ல பேனா பிடிச்ச எல்லாருக்கும் வேர்க்குது. வெளிய பனி பெய்யுது," என்றான் முகாய்.

பதினொன்றாவதாக சாகாமாகி வந்தார். ஐம்பத்தாறு வயது. நிர்வாகப் பிரிவின் துணைத் தலைவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நேற்று இனிப்புப் பெட்டியை மேசை மேசையாக எடுத்துப் போய்க் கொடுத்ததே அவர்தான். கடைசி மேசைக்கு முந்தைய மேசையோடு திரும்பியதும் அவர்தான்.

அவர் உட்கார்ந்தார். தாளைப் படித்தார். பேனாவை எடுத்து, நிறுத்தாமல், நல்ல கையெழுத்தில் 'ஹமாஜிமா மிஹோ' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

இசோகாவா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணிக்குள் விழுந்தவனின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அந்த முகம் இல்லை.

"மத்தவங்க பத்து பேருக்கு இந்தப் பேர் தெரியல, சாகாமாகி-சான்."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வெளிய வந்தவங்க மூஞ்சியைப் பார்த்தேனே."

"அப்ப தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"ஏஜென்சி-சான்னு இன்னொரு தடவை எழுத முடியலம்மா," என்றார் சாகாமாகி.

பிறகு அவரே சொன்னார். மேசையைப் பார்த்துக்கொண்டு, வேறு யாருடைய கதையையோ சொல்வது போல. இந்தக் கம்பெனியில் எந்தத் தாளும் முத்திரை வாங்க மேசை மேசையாகச் சுற்றும். மேலட்டையில் ஆளுக்கொரு சின்னக் கட்டம். நேற்றுக் காலை அந்த நீல ஃபைல் அவர் இடதுபக்க மேசைக்குப் போயிற்று. அப்புறம் வலதுபக்க மேசைக்குப் போயிற்று. அவரிடம் வரவில்லை. அட்டையில் அவருக்குக் கட்டமே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மத்தியானம் இனிப்பைக் கொடுத்துக்கொண்டு போனபோது அதே நினைப்புதான். கடைசி மேசையை விட்டுவிட்டுத் திரும்பினார். எப்போதும் செய்வதுதான். நேற்றுதான் அது உறுத்தியது. எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். மிஹோ ஃபேக்ஸ் பக்கம் எழுந்து போன நேரத்தில், தன் பங்கைத் தின்றபடியே இழுப்பறையைத் திறந்தார். அவசரத்தில் இனிப்பு உறை உள்ளே விழுந்தது தெரியவில்லை. ஃபைலைத் தன் மேசைக்குக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்.

ஆலோசகரின் யோசனை இரண்டாவது வழி. பிரிவை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். நிரந்தர ஆட்களில் நான்கு பேரை அந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலுக்கு மாற்றலாம். முதல் பெயர் சாகாமாகி. அதே கட்டடம், அதே நாற்காலி. ஆனால் வேறு பட்டை.

இங்கே முகாய் குறுக்கிட்டான். முதலாளி அவருக்கு அங்கே வேலை சொல்லக்கூட முடியாது, அந்த நிறுவனத்து மேஸ்திரியிடம் சொல்லி அவன் வந்து சொல்லவேண்டும் என்றான். "ஏஜென்சின்னா ஆள் மட்டும்தான் அவங்களோடது, ஏவறது நீங்க. இதுல ஆளும் அவங்களோடது, ஏவறதும் அவங்க. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்துன்னு கூட உங்க பக்கத்து மேசைக்காரர் உங்களைக் கேட்க முடியாது."

"ஆமா," என்றார் சாகாமாகி. "அப்படித்தான் எழுதியிருந்துச்சு."

"இன்னும் ஏதோ எழுதியிருந்துச்சு," என்றாள் இசோகாவா.

அவர் பேனாவின் மூடியைப் போட்டு மேசை நடுவில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பனியை மண்வெட்டியால் வழிக்கும் சத்தம் கேட்டது.

"என் பேருக்கு எதிரே இன்னொரு பேர். நான் பார்த்த வேலையை ஏப்ரல்ல இருந்து நேரடியா எடுத்துக்கிறவங்க. ஹமாஜிமா மிஹோ. அது யாருன்னு எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆச்சு. மூணு வருஷமா எனக்குத் தேநீர் வைக்கிறவங்க."

"அப்புறம் சீட்டு அடிச்சீங்க."

"பேர் இருக்கிற ஆளைத் தாண்டிப் போயிட்டேனேன்னு இருந்துச்சு. மிச்சம் இருந்ததை எடுத்து, சீட்டை ஒட்டி வச்சுட்டு வந்தேன். மனசு கொஞ்சம் ஆறுச்சு. ஃபைலைத் திருப்பி வச்சிடலாம்னு நினைக்கிறேன், அதுக்குள்ள முதலாளி சத்தம் போட ஆரம்பிச்சுட்டார். இனிப்பு உறையைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் அவங்களைப் பார்த்தாங்க." அவர் நிறுத்தினார். "நான் சும்மா இருந்தேன்."

"பயத்துலயா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். "அவங்க போயிட்டா அந்தப் பட்டியல் செல்லாதுன்னு தோணுச்சு. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி நேத்துல இருந்து இன்னும் முடியல."

இசோகாவா பத்து வெற்றுத் தாள்களையும் பதினொன்றாவதையும் அடுக்கினாள். இப்போது அவளுக்குத் தேவையானது கையில் இருந்தது. சாகாமாகி ஒன்றே ஒன்று கேட்டார். முதலாளியிடம் தனியாகச் சொல்லிவிட்டு அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விடலாமா?

"அவங்க பெட்டியை எல்லார் முன்னாடியும்தானே திறந்தாங்க," என்றாள் இசோகாவா.

அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

*

நாலரைக்கு மாலைக் கூட்டம். வேலை முடித்துத் துடைத்துப் பெருக்கும் முன் எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது அங்கே வழக்கம். மிஹோவும் தன் மூலையில் நின்றாள், பச்சைப் பட்டையோடு. கோமோரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது சாகாமாகி முன்னால் வந்தார். தன் நாற்காலி முதுகில் தொங்கிய தலைக்கவசப் பையைத் திறந்து, உள்ளேயிருந்து நீல ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். நேற்று யாரும் திறந்து பார்க்காத பை.

அவர் சொன்னது நாலே வாக்கியம். ஃபைலை எடுத்தது நான். இழுப்பறையில் கிடந்த உறை என்னுடையது. ஹமாஜிமா-சான் மேசையில் இனிப்பை வைத்ததும் நான். அவர் மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்ததும் நான். சொல்லிவிட்டு, முதலாளியைப் பார்க்காமல் மூலைப் பக்கம் திரும்பி இடுப்பு வரை வளைந்து நின்றார். நிமிரவே இல்லை.

அறையில் பத்து பேர் நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் எழுதாமல் விட்ட தாள் இசோகாவாவின் கையில் இருந்தது. அதை அவள் காட்டவில்லை. காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை.

கோமோரி அங்கேயே போனை எடுத்து ஏஜென்சியை அழைத்தார். தவறு எங்களுடையது என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மறுபடி மன்னிப்புக் கேட்டது.

"அவங்களுக்கு அந்த ஒரு ரெக்கார்டுதான் இருக்கு போல," என்று முகாய் முணுமுணுத்தான்.

கோமோரி போனை வைத்துவிட்டு மிஹோவிடம் வந்தார். குனிந்தார். இன்றைக்கு எதிலும் கையெழுத்து இல்லை என்றார். உறைக்குள் இருந்த பட்டியலை இப்போதுதான் படித்தேன், முன்பே படித்திருக்கவேண்டும் என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம், அதில் மாற்றமில்லை என்றார். அந்தத் தாளை அவளிடம் நீட்டினார்.

மிஹோ அதை வாங்கிப் படித்தாள். எந்த வரியில் நின்றாள் என்பது அவள் கண் போன திசையில் தெரிந்தது. சாகாமாகியின் நாற்காலி.

"இதுக்கு இப்பவே பதில் சொல்ல முடியாதுங்க. யாரோட இடம்னு தெரிஞ்சுக்கிட்டு உடனே சரின்னு சொல்ல வரல," என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணி வரைக்கும் வேலை இருக்கு. ரெண்டு ஃபேக்ஸ் அனுப்பணும்."

ஆனால் உடனே ஃபேக்ஸ் பக்கம் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். உறையின் மேல் இருந்த சீட்டை நகத்தால் ஓரத்திலிருந்து மெதுவாக, கிழியாமல் உரித்தாள். தன் கழுத்து அட்டையைத் திருப்பி, 0417 என்ற எண்ணின் மேல் அதை ஒட்டினாள். கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

அப்புறம் உறையைப் பிரித்து, நின்ற இடத்திலேயே அந்த இனிப்பைத் தின்றாள். அரிசி வில்லை கடிபடும் சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. அவசரப்படவில்லை. எதிர் மேசைப் பெண் அழுதுகொண்டிருந்தாள். மிஹோ அவளைப் பார்க்கவில்லை. தின்று முடித்து, உறையை மடித்து, பிளாஸ்டிக் குப்பைப் பையில் போட்டாள்.

"பன்னெண்டு," என்றான் முகாய், வாய்க்குள்.

*

திரும்பும் வழியில் வேனை முகாய் ஓட்டினான். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. பனி குறைந்து, வானம் பழுப்பாகக் கிடந்தது. இசோகாவா மடியில் பலகையை வைத்து அறிக்கையை எழுதி முடித்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர். எடுத்தவர் ஒப்புக்கொண்டார். பத்து பேருக்குப் பெயர் தெரியாது என்பதை வைத்தே ஆளைப் பிடித்த சாமர்த்தியத்தை இரண்டு வரியில் எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

அடியில் இரண்டு கோடு. விசாரித்தவர் முழுப்பெயர். இசோகாவா ரித்சு.

உதவியாளர் முழுப்பெயர்.

'முகாய்' என்று எழுதினாள். பேனா நின்றது.

வைப்பர் ஒரு முறை போய் வந்தது. இன்னொரு முறை போய் வந்தது. மற்ற அறிக்கைகளில் இந்த இடத்தில் என்ன எழுதினோம் என்று யோசித்தாள். எதுவும் எழுதவில்லை. வெறுமனே விட்டிருந்தாள், யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷம் பத்து மாதம். அவனுக்குக் காபியில் சர்க்கரை ஆகாது என்று தெரியும். இடது முழங்கால் மழைக்கு வலிக்கும் என்று தெரியும்.

கழுத்தின் பின்புறம் சூடு ஏறியது. மத்தியானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே கணக்குப் பிரிவு ஆள், அவர் முகம் நினைவுக்கு வந்தது. கேட்டுவிடலாம். மூன்று வார்த்தைதான். உன் முழுப்பேர் என்ன. வாய் வரவில்லை.

அவள் மெதுவாகக் கைப்பையைத் திறந்தாள். எதையோ தேடுவது போல உள்ளே துழாவி, அடியில் கிடந்த பழுப்பு உறையின் ஓரத்தை மட்டும் வெளியே இழுத்தாள். ஒரு வாரமாகப் பிரிக்காத கடிதம். மேலே எங்கேயாவது அவன் பெயர் அச்சாகியிருக்கும். உறையைச் சாய்த்து, வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. முகாய் கியரை மாற்றவில்லை. சாலையைப் பார்த்தபடியே இருந்தான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பாஸ்," என்றான்.